நோய் தீர்ந்த பிறகும் உழவாரம்

அப்பர் பெருமான் சிவநெறிக்குத் திரும்பிய வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவரைச் சூலை நோய் பற்றியது. குடலை முறுக்கும் வலி. மந்திரம், மருந்து எதுவும் பலிக்கவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்தார். தமக்கை திலகவதியார் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, வீரட்டானத்து இறைவன் முன் நின்று பாடினார். வலி அங்கேயே தீர்ந்தது.

இதுவரை எல்லோரும் சொல்கிறோம். அடுத்து நடந்ததைத்தான் இன்று சிந்திக்க வேண்டும். நோய்க்காக வந்தவர், நோய் தீர்ந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. உழவாரப்படையைக் கையில் எடுத்தார். ஊர் ஊராகச் சென்று கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார். 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. இறைவனடி சேர்ந்த திருப்புகலூரிலும் அவர் செய்துகொண்டிருந்தது அதே உழவாரப் பணிதான்.

புல் செதுக்குவது எப்படிப்பட்ட வேலை என்று எண்ணிப் பாருங்கள். இன்று செதுக்கினால், ஒரு மழை பெய்ததும் மறுபடி முளைக்கும். கோபுரம் கட்டுகிறவர் இன்று இத்தனை அடி உயர்ந்தது என்று காட்டலாம். புல் செதுக்குகிறவர் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. முற்றம் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது.

இதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், போகும் ஊரிலெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி வருகிறது. "சாமி, டாக்டர் சொன்னாருன்னு வாக்கிங் ஆரம்பிச்சேன். மொத ரெண்டு மாசம் வெயிட்டு நல்லா எறங்குச்சு. சுகரும் எறங்குச்சு. இப்ப எல்லாம் ஒரே எடத்துல நிக்குது. இனிமே நடந்து என்ன பிரயோஜனம்?" அந்தக் குரலில் இருக்கும் சோர்வு உண்மையானது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் உடம்பின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரை சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டைக் குறைத்து நடக்க ஆரம்பித்ததும் அந்தச் சேமிப்பு குறைகிறது, கூடவே நீரும் வெளியேறுகிறது. எடை மெஷினில் முள் சரசரவென்று இறங்குவதற்கு அதுவே பெரிய காரணம். கொழுப்பு அந்த வேகத்தில் போகாது. தவிரவும், 80 கிலோ உடம்பு 74 கிலோ ஆனால், அதே தெருவைச் சுற்றிவர முன்னைவிடக் குறைவான சக்தியே போதும். அதே நடை, அதே சாப்பாடு, முள் மட்டும் அசையாது. நீங்கள் தவறாக எதையும் செய்துவிடவில்லை.

சர்க்கரையின் கதை இன்னும் முக்கியம். நடக்கும்போது வேலை செய்யும் தசை, இன்சுலினுக்காகக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் இன்சுலின் நன்றாக வேலை செய்வதற்கு உடம்பு ஒத்துழைக்கிறது. எத்தனை காலம்? ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று நாள். அதற்குமேல் அந்த நன்மை மங்கிவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடாதீர்கள் என்று சர்க்கரை உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். புல் முளைக்கும் இடம் இதுதான் அன்பர்களே. எண் ஒரே இடத்தில் நிற்கிறது என்கிறீர்கள். நிற்கவில்லை, நீங்கள் நடப்பதால் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

நம் பெரியோர்கள் கர்மங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று பிரித்தார்கள். பிள்ளை வேண்டும் என்று தசரதர் செய்த வேள்வி காமியம். நான்கு பிள்ளைகள் பிறந்த பிறகு அவர் அதை மறுபடி செய்ததாக வால்மீகி சொல்லவில்லை. தேவையும் இல்லை. கிரகண காலத்தில் செய்யும் தர்ப்பணம் நைமித்திகம். அன்றாடம் செய்யும் சந்தியாவந்தனம் நித்தியம். நித்தியத்தைச் செய்தால் இன்ன புதிய பலன் வரும் என்று கேட்கக்கூடாது. விட்டால் குறை வரும். அந்தக் குறைக்குப் பிரத்தியவாயம் என்று பெயர்.

உடற்பயிற்சியை நாம் எல்லோரும் காமியமாகத்தான் தொடங்குகிறோம். பத்துக் கிலோ குறைய வேண்டும், மாத்திரை குறைய வேண்டும். அதில் பிழையில்லை. அப்பரே வலி தீரத்தானே வந்தார்! ஆனால் அதை எப்போதும் காமியமாகவே வைத்திருந்தால், பலன் மெதுவாகும் நாளில் காலும் நின்றுவிடும். வந்த காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு கட்டத்தில் அதை நித்தியக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு வரும் இடையூறுகள் ஒன்பது என்று எண்ணினார். முதலாவது நோய். சந்தேகம், சோம்பல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எட்டாவதாக அவர் வைத்தது, எவ்வளவு முயன்றாலும் அடுத்த நிலை கைகூடாமல் இருப்பது. ஒன்பதாவது, கிடைத்த நிலையில் நிலைத்து நிற்க முடியாமல் போவது. எனக்கு இது பெரிய ஆறுதல். நமக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று நினைத்துக் குமைகிறோமே, அது பாதையில் வரும் என்று முனிவர் முன்னமே எழுதி வைத்திருக்கிறார். அதைக் கண்டு பாதை மாறச் சொல்லவில்லை. நீண்ட காலம், இடைவிடாமல், மரியாதையோடு பயில வேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கணம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. திருப்புகலூரில் அப்பர் உழவாரம் செய்த இடத்தில் இறைவன் பொன்னையும் மணியையும் மின்ன வைத்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். அப்பர் என்ன செய்தார்? பருக்கைக் கல்லோடு கல்லாக அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நம்மில் சிலருக்கு ரிப்போர்ட்டில் ஒருநாள் பொன் கிடைக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை நார்மல் என்று வருகிறது. உடனே, "அதான் சரியாயிடுச்சே" என்று ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பலன் வராததால் நிறுத்தியவர்களைவிட, பலன் வந்ததால் நிறுத்தியவர்களை நினைத்தே நான் அதிகம் வருந்துகிறேன்.

நித்தியம் என்றால் பிடிவாதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சலில் கிடப்பவர் ஆற்றில் முழுக வேண்டும் என்று சாத்திரம் சொல்லவில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டாலும் நீராடிய கணக்கு, திருநீறு பூசிக்கொண்டாலும் நீராடிய கணக்கு. அதே இரக்கத்தை உங்களுக்கும் காட்டிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டு அலைச்சலா, இரவு சரியாகத் தூக்கமில்லையா? அன்று பத்து நிமிடம் நடந்தால் போதும். நெஞ்சில் வலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் என்றால் நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

வயது ஏற ஏறத் தசை குறைகிறது, அதற்கு நடை மட்டும் போதாது. முழங்கால் இடம் கொடுப்பவர்கள் பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே தொடைக்கு நல்ல வேலை.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கர்மத்துக்கும் முன்னால் சங்கல்பம் செய்கிறோம். காமியமானால் அதில் இன்ன பலனுக்காக என்று சொல்கிறோம். நித்தியமானால் பரமேசுவரனின் பிரீதிக்காக என்று சொல்வதோடு சரி. நாளைக் காலையில் வாசற்படி இறங்கும்போது கிலோவையும் சுகரையும் சொல்லாமல், அந்த இரண்டாவது சங்கல்பத்தைச் செய்துகொண்டு புறப்படுங்கள். எடை மெஷினில் மாதம் ஒருமுறை ஏறினால் போதும்.