பேய்க்கு ஒரு சான்றிதழ்

பேய்ப் படம் தொடங்குமுன் வெண்திரையில் ஒரு வரி தோன்றுகிறது: 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது.' அவ்வரியைக் கண்டபின் அரங்கில் இருப்போரின் அச்சமே வேறாகிவிடுகிறது. கதையைக் கண்டு அஞ்ச வந்தவர்கள் உலகத்தைக் கண்டு அஞ்சியவாறு வீடு திரும்புகின்றனர். 'இது மெய்யாகவே நடந்ததா?' என்று இளைஞர் பலர் கேட்கின்றனர். சிறுபிள்ளை வினா என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. ஆயின் இதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே சில மனிதரின் உயிர் இருக்கிறது.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'தி எக்ஸோசிசம் ஒஃப் எமிலி ரோஸ்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மூலமான சம்பவம் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் நிகழ்ந்தது. அன்னலீஸ் மிஷேல் என்ற மாணவிக்கு இளமையிலேயே வலிப்பு நோய் கண்டது. வைத்தியர் மருந்து கொடுத்தனர். நாளடைவில் அவள் கோர உருவங்களைக் கண்டாள்; தன்னைச் சபிக்கும் குரல்களைக் கேட்டாள். பக்தி மிகுந்த அக்குடும்பம் நோயைப் பேய் என்று கொண்டது. ஆயரின் அனுமதியோடு 1975 முதல் இரு குருமார் 67 தடவை பேயோட்டினர். அவள் உணவை மறுத்தாள். 1976 யூலை முதலாந் திகதி, தனது 23ஆவது வயதில், வற்றி உலர்ந்து இறந்தாள். அப்போது அவளது எடை ஏறக்குறைய 30 கிலோ. கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகப் பெற்றோருக்கும் குருமார் இருவருக்கும் 1978இல் நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட ஆறுமாதச் சிறைத்தண்டனை விதித்தது.

இதுவே உண்மைச் சம்பவம். நோயும் பட்டினியும் தீர்ப்பும் இதில் உள்ளன. பேய் இருந்தது அவளைச் சூழ்ந்திருந்தோரின் நம்பிக்கையில் மட்டுமே. திரைப்படமோ அந்த நம்பிக்கையைக் கண்ணாற் காணும் காட்சியாக்கிற்று. மருந்துதான் பேயோட்டத்தைக் கெடுத்தது என்று நீதிமன்றத்தில் ஒரு தரப்பை வாதாடவும் வைத்தது. அடுத்த ஆண்டு, இதே சம்பவத்தைத் தழுவி ஜேர்மனியிலிருந்து 'ரெக்வியெம்' என்ற படம் வந்தது. நோயோடும் குற்றவுணர்வோடும் வீட்டாரின் கண்டிப்போடும் போராடும் ஒரு பெண்ணையே அதிற் காண்கிறோம். இரண்டும் ஒரே மரணத்திலிருந்து பிறந்தவை. உண்மைக்கு அருகே நிற்பது எது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

'அப்படியானால் கலைஞனுக்குக் கற்பனை கூடாதா?' என்று கேட்பர். தாராளமாகக் கூடும். கலிங்கத்துப் பரணியிலே பேய்கள் போர்க்களத்தில் கூழ் அட்டு உண்கின்றன. செயங்கொண்டார் அதனை நடந்த செய்தியென்று நம்பும்படி எவரையும் கேட்டாரல்லர். கற்பனையென அறிந்தே சுவைக்கிறோம். அதனால் எவருக்கும் தீங்கில்லை. தீங்கு, கற்பனையின்மேல் 'உண்மை' என்று முத்திரை குத்தும்போதே தொடங்குகிறது.

அத்தீங்கு தொலைவில் இல்லை. 2021இன் தொடக்கத்தில், நம் கம்பஹா மாவட்டத்துத் தெல்கொடையில், ஒன்பது வயதுச் சிறுமியொருத்திக்குப் பேய் பிடித்ததென்று நம்பி அவளைப் பேயோட்டும் பெண்ணொருத்தியிடம் தாயே கொண்டுசென்றாள். எண்ணெய் பூசிப் பிரம்பால் அடிக்கப்பட்ட அக்குழந்தை நினைவிழந்து உயிர்விட்டது எனப் பொலிசார் அறிவித்தனர். இரு பெண்களும் கைதாயினர். அந்தத் தாய் எந்தப் படத்தைப் பார்த்தாள் என்று கேட்பது வீண். பேயைத் திரைப்படம் படைக்கவில்லை. ஏற்கனவே வீட்டுக்குள் இருக்கும் பேய்க்கு அது சான்றிதழ் வழங்குகிறது.

அந்தப் பேயை வீட்டுக்குள் வைத்திருப்பது அறியாமை மட்டுமா? ஒருகொடவத்தையிலிருந்து கிழக்கே சில கிலோமீற்றர் தொலைவில் அங்கொடை தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது. நம் மக்களின் வாயிலோ 'அங்கொடை' என்பது வசைச்சொல். மகளை அங்கே கொண்டுபோனால் பரம்பரை நோய் என்பர். தங்கையின் கலியாணம் தடைப்படும். பேய் பிடித்ததென்றால் அப்பழி இல்லை. பேய் வெளியிலிருந்து வந்தது, ஓட்டினால் போய்விடும், குடும்பத்தின் மானம் தப்பும். மானத்துக்கு அஞ்சும் ஏழைக் குடும்பம் பேயைத் தெரிந்தெடுப்பதில் வியப்பென்ன? நோயை அவமானமாக்கிய சமூகமே பேயோட்டியின் கையிலும் பிரம்பைக் கொடுக்கிறது.

மாற்று வழியை நம் கொழும்பு மாநகரில் வாழ்ந்த ஒருவரே காட்டியிருக்கிறார். கேரளத்தில் பிறந்த ஆபிரகாம் கோவூர் 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே தாவரவியல் கற்பித்தவர். பின்னர் வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் வாழ்ந்தவர். பேய் பிடித்தோர் எனப்பட்டவர்களை அவர் அருகே இருத்தி உசாவினார். அவர்தம் துயரின் வேரைத் தேடினார். அற்புத ஆற்றலை ஏமாற்றுக்கு இடமில்லாச் சூழலில் நிரூபிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை அதனை எவரும் வென்றிலர். அவரது குறிப்பேட்டிலிருந்த ஒரு சம்பவமே மலையாளத்தில் 'புனர்ஜென்மம்' என்றும், 1973இல் தமிழில் 'மறுபிறவி' என்றும் படமாயிற்று. மனத்தின் நோயை மனத்தின் நோயாகவே வைத்துப் படமெடுக்க இயலும் என்பதற்கு அது சான்று.

ஆகவே, 'இது நடந்ததா?' என்று கேட்கும் இளைஞருக்கு 'பொய்' என்று ஒரு சொல்லில் விடைகூறி அமைவது போதாது. 'நடந்தது, நடந்தது என்னவென்று தேடிப் பார்ப்போம்' என்று கூறவேண்டும். அங்கே நோயுற்றவர் யார், அவருக்கு மருந்து மறுக்கப்பட்டது எதனால், அவர் இறந்தபோது பொறுப்பேற்றவர் யார் என்று தேடும் பழக்கம் வந்துவிட்டால், நாளை நம் அயல்வீட்டிலே ஒரு பெண் கூந்தலை விரித்துக் கூக்குரலிடும்போது பிரம்பைத் தேடமாட்டோம். அவளது கையைப் பிடித்து, நாணமின்றி, அங்கொடை பஸ்ஸில் ஏற்றுவோம்.