யாருடைய முற்றம்?

கொழும்புக் கோட்டையில் இன்று கோட்டை இல்லை. அதன் மதில்களை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டனர். பெயர் மட்டும் மிஞ்சியது. அங்கு எஞ்சி நிற்கும் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்று ஒல்லாந்தர் வைத்தியசாலை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் ஆட்களுக்கு மருத்துவம் பார்க்க 17ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. பிற்காலத்தில் பொலிஸ் நிலையமாகவும் இருந்த அதனைச் செப்பனிட்டு, 2011இல் கடைகளும் உணவகங்களும் கொண்ட வளாகமாகத் திறந்தார்கள். தடித்த சுவர்கள், மர உத்தரங்கள், நடுவே முற்றங்கள். அங்கு போகும்போதெல்லாம் ஒரு கேள்வி எனக்குள் எழுகிறது: நம்மை விலக்கி வைத்தவர்களின் கட்டடத்தை நாம் ஏன் பேண வேண்டும்?

விலக்கி வைத்ததற்குச் சட்டமே இருந்தது. சோனகரும், மலபாரிகள் என அவர்கள் அழைத்த தமிழரும் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீடு வளவு வைத்திருக்கலாகாது என 1747இல் ஒல்லாந்தர் தடை விதித்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில், 1832இல்தான் அது நீங்கியது. இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல் 1909இல் எழுந்து நின்றது அதே புறக்கோட்டையில்தான்.

இடித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நான் கருதவில்லை. கட்டடம் போனால் சாட்சியும் போய்விடும். ஆனால் சாட்சியை வைத்துக்கொண்டு அதன் வாயைக் கட்டுவதும் நியாயமன்று. சுவரின் வயதைச் சொல்கிறவர்கள், அந்தச் சுவர்கள் நின்ற நகரில் யாருக்கு இடம் மறுக்கப்பட்டது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இன்று வாயிலில் எவரையும் இனம் கேட்டு நிறுத்துவதில்லை. எனினும், சற்றுத் தள்ளிப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி ஒருவர் அந்த முற்றத்தில் அமர்ந்து தேநீர் அருந்த நான் கண்டதில்லை. அவரைத் தடுப்பது சட்டமல்ல, விலைப்பட்டியல். சட்டத்தை ஓர் ஆணையால் நீக்கலாம். இதை நீக்க ஆணை எதுவும் வராது. தடுக்கப்பட்டதாக அவரும் முறையிடமாட்டார். தனக்குரிய இடமல்ல என்று தானே ஒதுங்கிப் போய்விடுவார். அதுதான் என்னை உறுத்துகிறது.

வியாபாரம் இல்லாவிட்டால் பழைய கூரையைத் தாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வருமானம் வேண்டும். ஆனால் கூரையைக் காப்பாற்றுவது எதற்காக என்பதற்கும் பதில் வேண்டுமே! மரபுரிமை எல்லாருடையது என்றால், எதையும் வாங்காதவரும் கூசாமல் உட்கார்ந்து இளைப்பாற அங்கே இடம் இருக்க வேண்டும். விலக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், உள்ளே போக வசதி வந்ததும் வெளியே நிற்பவரை மறந்துவிட்டால், 1747இன் சட்டத்தைக் குறைகூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது?