நின்ற வண்டிக்குச் சாதி உண்டு

ஓட்டை வண்டி வைத்திருக்கிறவனைப் பார்த்து எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இத வித்துத் தொலைச்சிட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதான?" தோழர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். "இயக்க வேலை செய்யறவனுக்குக் காரு எதுக்கு?" இரண்டுக்கும் பதில் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். யோசிக்க யோசிக்க அது வண்டியைப் பற்றிய கேள்வியாக இல்லை. மனுசனுக்கு விடுதலை என்றால் என்ன என்கிற கேள்வியாகிவிட்டது.

வண்டி ஒரு மாருதி ஆம்னி. நாலு கை மாறி ஐந்தாவதாக என்னிடம் வந்தது. இந்த வண்டி செய்வதையே கம்பெனி 2019இல் நிறுத்திவிட்டது. ஊர் உடுத்திக் கிழித்த துணி, ஊர் தின்று மிஞ்சிய சோறு என்று சேரிக்கு வந்துசேர்ந்தவற்றின் வரிசையில் இப்போது ஊர் ஓட்டித் தேய்த்த வண்டியும் சேர்ந்திருக்கிறது. காலையில் செல்ஃப் எடுக்காது. தெருப் பிள்ளைகள் தள்ளிவிட வேண்டும். ஒரு நாள் கிளட்ச் கேபிள் அறும். ஒரு நாள் ரேடியேட்டர் ஓஸ் பிய்யும். ஆம்னிக்கு இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சூடேறினால் சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் இறங்கி ரோட்டோரம் நிற்க வேண்டும்.

பஸ்ஸில் போகலாமே என்கிறார்கள். போகலாம், போய்க்கொண்டும் இருக்கிறோம். ஆனால் பஸ் சாதியில்லாத பொது இடம் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 1997இல் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வந்தது. கடைசியில் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் அரசாங்கம் எடுத்துவிட்டது. அதே வருடம் ஜூன் 30ஆம் தேதி, மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்த் திரும்பிய மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டிக் கொன்றது பஸ்ஸை மறித்துத்தான். பஸ்ஸோ காரோ, நமக்கு வழி என்பது எப்போதும் வெறும் வழியாக இருந்ததில்லை.

இனி ஓட்டை வண்டிக்கு வருவோம். நல்ல வண்டி என்று எதைச் சொல்கிறோம்? வழியில் நிற்காத வண்டியை. அதன் பொருள் என்ன? வழியில் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் எந்த ஊரும் ஒன்றுதான். இதைத்தான் படித்தவர்கள் விடுதலை என்று நினைக்கிறார்கள்: அடுத்தவன் தயவு இல்லாமல் போய்ச் சேர்வது.

என் வண்டி எனக்கு வேறு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. ஓடுகிற வண்டிக்குச் சாதி இல்லை. நின்ற வண்டிக்கு உண்டு.

ஒரு மத்தியானம், ஒரு ஊர்த்தெரு முனையில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. எதிர்வீட்டு அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். நல்ல முகத்தோடுதான் வந்தார். "எந்தூருப்பா?" சொன்னேன். "ஊரா, காலனியா?" அதையும் சொன்னேன். கையில் எடுத்த குடத்தை வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற வாளியில் மொண்டு வந்து எட்டவே வைத்தார். தண்ணீர் இல்லை என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. தண்ணீர் இரும்புக்குத்தான் போகப்போகிறது. இரும்புக்குத் தீட்டு ஏது? அந்த இரும்புக்குச் சொந்தக்காரன் நான். அவனுக்கு ஏற்ற வாளியில்தான் அதற்குத் தண்ணீர்.

இது ஏதோ ஒரு தெருவின் கதை இல்லை. 1901இல் சிறுவன் அம்பேத்கர், அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் போகிறார். மசூர் ஸ்டேஷனில் கூட்டிப்போக யாரும் வரவில்லை. நல்ல துணி உடுத்திய பிள்ளைகள் என்பதால் ஸ்டேஷன் மாஸ்டர் பரிவாகத்தான் விசாரித்தார். மகார்கள் என்று சிறுவன் சொன்னதும் அவர் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவன் ஒத்துக்கொண்டான். அதுவும் பிள்ளைகளே மாட்டை ஓட்டவேண்டும், அவன் இறங்கி நடந்து வருவான் என்கிற ஏற்பாட்டில். கையில் சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ரயில் ஓடும்வரை அவர்கள் வெறும் பயணிகள். நின்ற இடத்தில்தான் மகார்கள்.

பொதுவழியில் நாமும் நடக்கலாம் என்கிற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். நூறு வருடம் தாண்டிவிட்டது. போகிற உரிமை காகிதத்தில் இருக்கிறது. வழியில் மாட்டிக்கொண்டு நிற்கிற உரிமை எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

"நல்ல வண்டியா வாங்கிக்கோ, நிக்கவே வேணாம்" என்பது ஒரு பதில். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் கேள்வி கேட்பதற்குள் கடந்துபோய்விடுவது தப்பித்தல். அதை விடுதலை என்று சொல்ல முடியுமா? நல்ல வண்டியும் எல்லா நேரமும் காப்பாற்றுவதில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காக வெட்டினார்கள் என்பதுதான் குடும்பத்தார் புகார். ஓட்டை வண்டியில் போனால் இளக்காரம். நல்ல வண்டியில் போனால் வயிற்றெரிச்சல்.

"மானம்தானே பெருசு, எந்த வண்டியா இருந்தா என்ன?" என்று இன்னொரு பக்கம் சாயவும் முடியாது. 1929இல் அம்பேத்கர் சாலிஸ்கான் போனபோது குதிரைவண்டிக்காரர்கள் அவருக்கு ஓட்ட மறுத்தார்கள். பாரிஸ்டரே ஆனாலும் தீண்டத்தகாதவன் தீண்டத்தகாதவன்தானே! நம் விருந்தாளியை நடக்கவிடுவதா என்று அங்கிருந்த மகார் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை உட்காரவைத்தார்கள். பாலத்தின் மேல் சக்கரம் கல்லில் மாட்டி, அவர் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. விருந்தாளியின் கௌரவத்தைவிட அவன் உயிர் பெரிது என்பதை நம் மக்கள் மறந்துவிட்டார்கள் என்று அம்பேத்கரே வருத்தத்தோடு எழுதினார். குற்றம் வண்டி ஓட்ட மறுத்தவனுடையது. அடிபட்டது நம் ஆள். அதனால் என் வண்டியில் எது போனாலும் பிரேக்கும் டயரும் போகவிடமாட்டேன். நின்றுபோகிற வண்டி வேறு. நிற்காத வண்டி வேறு. முதலாவதில் மானம் போகலாம், இரண்டாவதில் உயிர் போகும்.

அப்படியானால் விடுதலை எங்கே இருக்கிறது? ஒரு ராத்திரி கிளட்ச் கேபிள் அறுந்து நின்றேன். லாரிக்காரர் ஒருவர் தானாகவே நிறுத்தினார். கயிறு எடுத்துக் கட்டினார். டவுன் ஒர்க்‌ஷாப் வாசல்வரை இழுத்துவந்து விட்டுவிட்டு, "காலைல கேபிள மாத்திடு தம்பி" என்று சொல்லிப் போனார். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஏழெட்டு கிலோமீட்டர் தூரம் நான் ஒரு பழுதான வண்டியின் சொந்தக்காரன், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" எல்லா மனுசனுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் சமத்துவம் என்று பேர். அடுத்தவன் உதவியே வேண்டாத மனுசன் உலகத்தில் கிடையாது. உதவி கேட்கும்போது சாதியைச் சொல்ல வேண்டியில்லாதவன்தான் விடுதலை பெற்றவன். அவன் தெருவைச் சொன்னாலும் கேட்கிறவர் கையில் இருக்கிற குடம் மாறக்கூடாது. ஒரு நாட்டின் நாகரிகத்தை நாலுவழிச் சாலையில் கார் பறக்கிற வேகத்தை வைத்து அளக்கிறார்கள். என்னைக் கேட்டால், பழுதாகி நிற்கிறவனிடம் அந்த நாடு முதலில் என்ன கேட்கிறது என்பதை வைத்து அளக்க வேண்டும். "என்னாப்பா ஆச்சு வண்டிக்கு?" என்பதற்கு முன்னால் "எந்தத் தெரு?" என்று கேட்கிறவரைக்கும், பழுது வண்டியில் மட்டும் இல்லை.