மார்கழி வெயிலின் சாய்வு

திருவனந்தபுரத்தில் குளிர்காலம் என்றால் பனியோ கம்பளியோ இல்லை. ஜனவரி அதிகாலையிலும் வெப்பம் 22 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் கேமராவுக்குக் குளிர்காலம் வெயிலில் தெரியும்.

டிசம்பர் 21-ஐ ஒட்டி, இங்கே உச்சிப்பொழுதிலும் சூரியன் ஏறத்தாழ 58 டிகிரி உயரத்தோடு நின்றுவிடுகிறது. ஆறடி மனிதரின் நண்பகல் நிழலே மூன்றே முக்கால் அடி நீள்கிறது! ஏப்ரலில் தலைக்கு மேல் நிற்கும் வெயில் அந்த நிழலைக் காலடியில் சுருட்டிவிடும்.

வலியசாலை அக்கிரகாரத்தில் கேமராவோடு காலையில் இறங்கும் அமெச்சூருக்கு இந்தச் சாய்ந்த குளிர்கால வெயில் பெரிய கொடை. வாசலில் நீர் தெளித்து இட்ட மாவுக்கோலத்தைத் தரையோடு தாழ்ந்து எடுத்தால், பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொரு இழையும் புடைத்து நிற்கும். ஒரு சிக்கல்: ஈரத்தரையின் கருமையைக் கண்டு கேமரா தானாகவே ஒளியைக் கூட்டிவிடும், கோலம் வெளுத்துப்போகும். ஒளியளவை ஒரு படி குறைத்தால் கோடுகள் பிழைக்கும்.

ஞாயிறென்றால் தெற்கே வெள்ளாயணி ஏரி, புஞ்சக்கரி வயல்கள். வலசை வந்த மஞ்சள் வாலாட்டிகள் வரப்பில் ஓட, நீலவால் பஞ்சுருட்டான்கள் கம்பியில் வரிசை கட்டும்.

இவற்றை எடுக்க விலையுயர்ந்த லென்ஸ் இல்லையே என்று ஏங்குவோருக்குக் காட்டுயிர் ஒளிப்படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) முன்மாதிரியாக இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டவைத்துத் தாமே ஒரு கருவியைச் செய்துகொண்டார். பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. அதைச் சுமந்துதான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பதித்தார்.