அழைத்த பிள்ளையைக் கைவிடலாமா?

2025 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் தாலிபான் அரசின் வெளியுறவு அமைச்சர் டெல்லி வந்து சென்றார். காபூலில் உள்ள நம் தொழில்நுட்பக் குழு மீண்டும் தூதரகமாகும் என்று அறிவிக்கப்பட்டது. நாட்டோடு நாடு பேசத்தான் வேண்டும். ஆனால் அந்நாட்டு மாணவர்களுக்கு நாம் பட்ட கடன் என்னவாயிற்று என்ற கேள்வி நெஞ்சை உறுத்துகிறது.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது. பத்தாம் நாளே, இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களின் பழைய விசாக்கள் அனைத்தும் செல்லாது என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. கொரோனா காலத்தில் ஊர் சென்றிருந்த மாணவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் பலர் இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலின் உதவித்தொகை பெற்றவர்கள். நாமே தேர்ந்து அழைத்தவர்கள். இங்கே தங்கியிருந்தவர்களின் பாடு வேறு. அவர்கள் நாட்டு வங்கிகளில் அப்போது வாரம் 200 டாலருக்கு மேல் எடுக்க முடியவில்லை. வீட்டுப் பணத்தை நம்பிப் படித்த பிள்ளை விடுதிக் கட்டணத்துக்கு எங்கே போகும்?

படிக்க வா என்று அழைத்தவர், அந்த மாணவரின் ஊர் எரியும்போது கதவைச் சாத்துவது அறமாகாது. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

நம் முன்னோர் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வள்ளுவர் விருந்தோம்பலுக்கும் ஒப்புரவுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். வேளை அறிந்து செய்த உதவி சிறிதாயினும் உலகினும் பெரிது என்பது அவர் கணக்கு. வள்ளல் பாரி மாண்டு அவனது பறம்பு மலை பறிபோனபின், அவன் மகளிரைக் காக்கும் பொறுப்பைப் புலவர் கபிலர் தம் தோளில் ஏற்றார். பகைவனின் பிள்ளைகள் என்று மலையமான் மக்களை யானைக் காலில் இடத் துணிந்தான் சோழன் கிள்ளிவளவன். புலவர் கோவூர் கிழார் குறுக்கே நின்று மீட்டார். மணிமேகலையோ சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள்.

நாட்டின் பாதுகாப்பும் முக்கியம்தானே என்பார்கள். முக்கியம்தான்; ஆட்சி கவிழ்ந்த நாட்டின் ஆவணங்களைச் சரிபார்ப்பது அரசின் கடமை. ஆனால் அதற்கும் புறநானூற்றில் பாடம் உண்டு. உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றர் என்று ஐயுற்றுக் கொல்ல முனைந்தான் சோழன் நெடுங்கிள்ளி. அவர் பரிசில் தேடி வந்தவர் என்று எடுத்துச் சொல்லி உயிர்காத்தவரும் கோவூர் கிழாரே. ஐயம் வந்தால் ஆளுக்கு ஆள் விசாரிக்கலாம். ஒரு நாட்டார் அனைவரையும் ஒரே அறிவிப்பில் வெளியே நிறுத்துவது விசாரணை ஆகாது.

செய்யக்கூடியது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையல்ல. கட்டணத்துக்குத் தவணை, விசா நீட்டிப்பு, விடுமுறையிலும் விடுதியில் இடம், பகுதிநேர வேலைக்கு அனுமதி. 1998இல் ஆசிய நிதி நெருக்கடியின்போது இந்தோனேசியா, தென்கொரியா உள்ளிட்ட ஐந்து நாட்டு மாணவர்களுக்கு அமெரிக்கா வேலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2015 நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகும் அவ்வாறே செய்தது. நம்மாலும் இயலும், மனம்தான் வேண்டும்.

2022 டிசம்பரில் தாலிபான் அரசு பெண்களுக்குப் பல்கலைக்கழகங்களை அடைத்தது. இந்தியாவில் படிப்பைப் பாதியில் இழந்த பெண்களுக்கு அதன்பின் சொந்த நாட்டிலும் வகுப்பறை இல்லை. அவர்களின் சேர்க்கைப் பதிவுகள் நம் பல்கலைக்கழகங்களில்தான் இருக்கின்றன. புதிய உதவித்தொகைக்கு விண்ணப்பம் கேட்குமுன் அந்தப் பதிவுகளை எடுத்து, விட்ட பருவத்திலிருந்து படிப்பைத் தொடர அவர்களை அழையுங்கள்.