யாருடைய அசல்?

1925 ஜூன் 29 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவை நிலநடுக்கம் குலைத்துப்போட்டது. மீண்டும் எழுந்த நகரம் ஸ்பானியச் சாயலைத் தனதாக்கிக்கொண்டது. வெள்ளைச் சுதை, சிவப்பு ஓடு, வளைவு வாசல், நடுமுற்றம், ஜன்னலில் இரும்புக் கிராதி. பல வீடுகளில் பூச்சுக்கு அடியில் இருப்பது சாதாரண மரச்சட்டம்தான். அந்தச் சாயலுக்காக வாதாடிய பேர்ல் சேஸும், அப்படிப்பட்ட வீடுகளை வடிவமைத்த லூட்டா மரியா ரிக்ஸும் பெண்கள். ஆண்களின் சதி என்று இதைச் சொல்லிக் கடந்துவிட முடியாது.

இன்று அத்தகைய வீட்டைப் புதுப்பிப்பவர், 1972இன் மில்ஸ் சட்டப்படி உள்ளூராட்சியோடு ஒப்பந்தம் போட்டால் சொத்துவரி குறையலாம். குறைந்தது 10 ஆண்டுகள் வீட்டின் அசல் தன்மையைக் காக்க வேண்டும். நடைமுறையில் அசல் என்பது பெரும்பாலும் தெருவிலிருந்து தெரிவது. கூரை ஓட்டை மாற்றினால் கேள்வி வரும். சமையலறைச் சுவரை இடித்தால் அவ்வளவாக வராது.

1920களின் வசதியான வீடுகளில் சமையலறை பின்பக்கம், கதவுக்குப் பின்னால். அதை ஒட்டி, வீட்டுவேலை செய்த பெண்ணின் சின்ன அறை. அவளுக்குத் தனி வாசல், சில வீடுகளில் தனிப் படிக்கட்டும். விருந்தினர் கண்ணில் அவள் படக்கூடாது என்பதற்காகவே போட்ட திட்டம். இப்போது அந்த அறை துணி துவைக்கும் இடமாகிறது, சுவர் போய்விடுகிறது. அவள் அங்கே இருந்ததற்கு அந்தச் சுவரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆனால் கிராதியைத் துடைத்து மினுக்கி வைக்கிறார்கள். ஆண்டலூசியாவில் காதலன் தெருவில் நிற்க, பெண் கிராதிக்கு உள்ளே இருந்து பேசிய வழக்கம் உண்டு. அதுவும் பெண்ணை உள்ளே வைத்த ஏற்பாடுதான். பார்க்க அழகாக இருப்பதால் அது பாரம்பரியம் ஆகிவிட்டது.

அப்படியானால் சுவரை விட்டுவைப்பதா? எனக்குச் சம்மதமில்லை. இன்று அங்கே சமைப்பவளும் தனியாகத்தானே நிற்பாள்? நியூ மெக்சிகோவின் உண்மையான மண்வீடுகளில் மழை பூச்சைக் கரைத்துவிடும். என்ஹரதோராக்கள் எனப்பட்ட பெண்கள் கையாலேயே மீண்டும் மீண்டும் பூசினார்கள். அங்கே பழைய வீட்டின் மேற்பரப்பு எப்போதும் புதியது. மாறாமல் தொடர்ந்தது அவர்களுடைய வேலை. அதைக் காப்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் வரிச்சலுகை கிடையாது.

சுவரை இடிக்கலாம். இடித்த இடத்தில் இரண்டு பக்கத் தரையோடுகளும் பொருந்தாமல் ஒரு கோடு விழும். வேலைக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் மறைக்கப் பார்ப்பார்கள். என் வீடாக இருந்தால் விடமாட்டேன். விருந்துக்கு வருபவர்கள் அந்தக் கோடு என்னவென்று கேட்கட்டும்.