வாடகை வீடும் தூய்மை என்னும் வாதமும்

தமிழகத்து நகரங்களில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வீடு மாறும் காலத்தில் எழுகின்ற கவலைகள் இருவகைப்பட்டவை. எந்த மாதத்தில் குடிபோவது, தலைவாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, சமையலறை அக்கினி மூலை எனப்படும் தென்கிழக்கில் அமைந்திருக்கிறதா என்பன ஒருவகை. இவற்றுக்குப் பஞ்சாங்கமும் மனையடி சாத்திரமும் விடை வைத்திருக்கின்றன. கேட்கும் முன்பணத்தைப் புரட்ட முடியுமா, பள்ளி திறப்பதற்குள் வீடு அமையுமா, எல்லாம் பொருந்தி வந்தாலும் வீட்டுக்காரர் தங்களைப் போன்றவர்களுக்குக் கொடுப்பாரா என்பன மற்றொரு வகை. முதல்வகையைச் சமயம் சார்ந்தது என்றும் இரண்டாவதை வெறும் உலகியல் என்றும் கொள்வது பொதுவழக்கு. ஆனால் இந்திய சமய மரபுகள் வீட்டைப் பற்றிச் சொல்லியிருப்பவற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால், சமயத்தின் மையத்தைத் தொடும் வினா இரண்டாவது வகையில்தான், அதிலும் அதன் கடைசிக் கவலையில்தான், அடங்கியிருப்பது தெரியவரும்.

திசை, அளவு, நாள் ஆகியவற்றை வகுக்கும் வாஸ்து மரபு, தன் நிலத்தில் தானே வீடு கட்டும் ஒருவனை முன்வைத்தே பேசுகிறது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மனை எண்பத்தொரு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, நாற்பத்தைந்து தேவதைகள் அழுத்திப் பிடித்திருக்கும் வாஸ்து புருஷனின் உடலாக உருவகிக்கப்படுகிறது. அந்நூலே நான்கு வருணத்தாருக்கும் உரிய வீட்டளவுகளை மேலிருந்து கீழாகக் குறைத்துக்கொண்டும் போகிறது. பஞ்சாங்கக் கணக்கின்படி வாஸ்து புருஷன் ஆண்டுக்கு எட்டு நாட்களில், நாளொன்றுக்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது தொண்ணூறு நிமிடங்கள் மட்டும் விழித்திருக்கிறான். பல் துலக்கி, நீராடி, பூசை முடித்து, உண்டு, தாம்பூலம் தரித்து மீண்டும் உறங்கிவிடுகிறான் என்பதால், உண்ணும் வேளையும் தாம்பூல வேளையும் சேர்ந்த முப்பத்தாறு நிமிடங்களே மனைகோலுவதற்கு ஏற்றவை எனப்படுகின்றன. கற்பனை என்ற அளவில் இது அழகானதே. ஆயினும் பிறர் கட்டிய மாடிப் பகுதியொன்றில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் நுழையும் ஒருவருக்கு, சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியிருக்கும் நிலையில், இதனால் ஆகக்கூடியது எதுவுமில்லை.

மாதக்கணக்கும் அவ்வாறே. ஆனியில் மாவலி ஆட்சியிழந்தான், ஆடியில் இராவணன் வீழ்ந்தான், மார்கழியில் பாரதப்போர் நிகழ்ந்தது என்று காரணம் காட்டி, ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய ஐந்து மாதங்களைக் குடிபுகுதலுக்கு ஆகாதவை என விலக்குவர். பள்ளிகளோ வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் ஜூன் மாதத்தில் திறக்கின்றன. இதன் விளைவாக வைகாசியின் கடைசி வாரங்களில் லாரியும் மினி வேனும் கிடைப்பது அரிதாகிவிடுகிறது; வீட்டுத் தரகர் ஒரு மாத வாடகையைத் தமக்கென எடுத்து வைத்துக்கொண்டு, ஆனி பிறப்பதற்குள் முடிவு சொல்லும்படி அவசரப்படுத்துகிறார்.

வாடகைக் குடும்பங்கள் தங்களுக்கென வகுத்துக்கொண்ட சடங்கு வேறு. யாகம் வளர்த்துச் செய்யும் கிரகப்பிரவேசம் கட்டியவருக்கே உரியது, குடியேறுபவர் பால் காய்ச்சினால் போதும் என்பது புரோகிதர்களும் ஒப்புக்கொள்ளும் வழக்கம். விடியற்காலையில், பொருள்கள் எதுவும் வந்து இறங்குவதற்கு முன்பே, சாமிபடம், குடத்தில் தண்ணீர், கல்லுப்பு, மஞ்சள், அரிசி ஆகியவற்றுடன் வீட்டுப்பெண்கள் உள்ளே நுழைகின்றனர். வெற்றுச் சமையலறையில் அடுப்பை வைத்து, பாத்திரத்துக்குப் பொட்டிட்டு, பால் விளிம்பைத் தாண்டிப் பொங்கும்வரை காத்திருந்து, கிழக்கே வழிந்ததா வடக்கே வழிந்ததா என்று பார்த்து, சர்க்கரை கலந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கின்றனர். பொங்கி வழிந்த பாலில் பர்னர் அடைத்துக்கொள்வதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சாத்திரத்தில் பெரிய இடமில்லாத இந்தச் சடங்கில் ஒரு கொள்கை மறைந்திருக்கிறது: வீட்டின் மங்கலம் சுவரிலும் திசையிலும் தங்கியிருப்பதன்று, அடுப்போடு வருவது, ஆகையால் அடுப்பை மூட்டுபவரே அதைக் கொண்டுவருகிறார். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் அந்த வீட்டின் கிருகஸ்தர், அதாவது இல்லறத்தார், அங்கே சமைத்து உண்பவரே என்பது இதன் உட்பொருள். பழைய கிருஹ்ய சூத்திரங்கள், அதாவது இல்லறச் சடங்குகளை வகுக்கும் நூல்கள், வீட்டுத்தீயை நடுவில் வைத்தே இல்லற வாழ்வை விளக்குவதால், மக்கள் வழக்கு இங்கே மரபை மீறியதாகவும் சொல்ல முடியாது.

அடுப்பு வீட்டின் மையம் என்றால் அந்த மையம் எத்தகையது என்ற வினா எழுகிறது. மனுதர்ம சாத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இதற்குத் தரும் விடை வியப்பூட்டக்கூடியது. இல்லறத்தானின் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உள்ளன என்று அந்நூல் கூறுகிறது. வடமொழியில் இவற்றுக்குப் பஞ்ச சூனா என்று பெயர். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரலும் உலக்கையும், நீர்க்குடம் ஆகியவையே அவை. விறகில் ஒளிந்த பூச்சி அடுப்பில் எரிகிறது, தானியத்தில் இருந்த புழு அம்மியிலும் உரலிலும் நசுங்குகிறது, துடைப்பத்தின் கீழ் எறும்பு சாகிறது, குடத்து நீரோடு கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மடிகின்றன. இந்த ஐந்தையும் பயன்படுத்தாமல் ஒருநாளும் இல்லறம் நடக்காது. எனவே கொலையின் பாவம் இல்லாத வீடு என்று ஒன்று இல்லை. சமையலறையில் இறைச்சி நுழைந்ததா இல்லையா என்ற பேச்சே இங்கு எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வெண்டைக்காயும் பருப்பும் மட்டுமே வேகும் அடுப்பும் கொலைக்களமே.

இப்பாவத்துக்குக் கழுவாயாக மனு விதிப்பது ஐம்பெரும் வேள்விகளை: வேதம் ஓதுவித்தல், முன்னோருக்கு நீரளித்தல், தேவர்க்கு அவி சொரிதல், பிற உயிர்களுக்கு உணவிடுதல், விருந்தினரைப் போற்றுதல். திருவள்ளுவரும் இல்வாழ்வானின் கடமையை முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என ஐந்தாகவே எண்ணுகிறார். வேதம் ஓதுவித்தலுக்கு அவர் பட்டியலில் இடமில்லை என்ற வேறுபாடு தனி ஆய்வுக்குரியது. இங்கு வேண்டுவது இந்த ஏரணத்தின் போக்கு. வீடு தூய்மையாக இருக்கிறது, அதைக் காக்க வேண்டும் என்று மனு தொடங்கவில்லை. வீடு இயல்பாகவே மாசுற்றது, அதிலிருந்து வெளியே கொடுக்கப்படுவதாலும் அதற்குள் வரவேற்கப்படுபவர்களாலும் அந்த மாசு நாள்தோறும் ஈடு செய்யப்படுகிறது என்பதே அவர் கூற்று. கதவைச் சாத்துவதால் தூய்மை வரும் என்ற எண்ணத்துக்கு இக்கணக்கில் இடமே இல்லை.

இதைக்கொண்டு மனுவைச் சமத்துவவாதியாக்கிவிட முடியாது. அதே அத்தியாயம் உயிர்களுக்கு உணவிடும் வேள்வியை விளக்கும்போது நாய்கள், சாதிவிலக்கம் பெற்றவர்கள், நாயைச் சமைத்துண்பவர் என்று அது இழிக்கும் மக்கள், நோயாளிகள், காகங்கள், புழுக்கள் ஆகிய அனைவருக்கும் சோற்றைத் தரையில் மெல்ல வைக்கச் சொல்கிறது. உணவு படிதாண்டி வெளியே போகலாம், உண்பவர் படிதாண்டி உள்ளே வரலாகாது என்பதே அதன் பொருள். ஐந்து கொலைக்களங்களைக் கண்டுகொண்ட அறிவு தன் முடிவைத் தானே எட்டாமல் வாசற்படியில் நின்றுவிட்டது எனலாம். இன்று ‘சைவம் மட்டும்’ என்ற பலகை தொங்கும் இடமும் அந்த வாசற்படியே.

இந்த வாசற்படியைப் பற்றிய மிகத் தெளிவான சான்று அம்பேத்கர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் கிடைக்கிறது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, படிப்புக்கு உதவிய பரோடா அரசின் பணியில் சேர 1917ஆம் ஆண்டில் அந்நகருக்கு வந்த அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதிகள் ஏற்கமாட்டா என்பதை அறிந்து, பார்சிகளுக்கு மட்டுமான விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் கையில் தடிகளுடன் வந்த பார்சியர் கூட்டம் ஒன்று விடுதி தீட்டுப்பட்டுவிட்டதாகக் கூறி, மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டிச் சென்றது. அவர் அன்றே இரு நண்பர்களிடம் இடம் கேட்டார். இந்து நண்பர், அம்பேத்கர் வந்தால் தம் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். பிராமண மரபிலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்தைச் சேர்ந்த மற்றவர், மனைவியைக் கேட்க வேண்டும் என்று சொல்லி விலகினார். பம்பாய் ரயிலுக்காக ஒரு பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் பரோடாவை விட்டே போனார். தீண்டாமை இந்து சமயத்தின் விதியாகச் சொல்லப்பட்டாலும், அன்று கதவடைத்தவர்களில் மூன்று சமயத்தாரும் இருந்தனர் என்பது இந்நிகழ்ச்சியின் மறக்கத்தகாத கூறு. கோட்பாடு வேறுபடும் சமயங்கள் வாடகைக்கு இடம் விடும்போது ஒன்றுபோலாகிவிடுகின்றன.

இதற்கு நேர்மாறான சிந்தனை வீட்டைத் துறந்தவர்களிடமிருந்து வந்தது என்பது வரலாற்றின் முரண்களில் ஒன்று. பௌத்தத் துறவியரின் ஒழுக்கநூலான விநயத்தில், கொடையாளர் எவருமின்றிப் பொருள்களை இரந்து பெற்றுத் தனக்கெனக் குடில் அமைத்துக்கொள்ளும் பிக்குவுக்கு உரிய அளவு, புத்தரின் சாணால் நீளம் பன்னிரண்டு, அகலம் ஏழு என வரையறுக்கப்பட்டிருக்கிறது. இடத்தை மற்றப் பிக்குகள் வந்து பார்த்து ஒப்ப வேண்டும், அங்கே பிற உயிர்களுக்கு ஊறு நேரக்கூடாது, சுற்றிலும் வெளி இருக்க வேண்டும். வராகமிகிரரின் அளவு இன்னாருக்கு இவ்வளவு பெரிய வீடு என்று சொல்வது. விநயத்தின் அளவு எவரானாலும் இதற்கு மேல் கூடாது என்பது. தங்க இடம் தருவதை அறமாகக் கருதிய இம்மரபின் தடயம் தமிழ்நாட்டுப் பாறைகளிலும் உள்ளது. மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், நெடுஞ்செழியனின் பணியாளர் ஒருவரும் வெள்ளறை வணிகக் குழுவினரும் கணிநந்தன் என்னும் சமண முனிவருக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்ததைப் பதிவு செய்கின்றன. கிறித்துவுக்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று இவற்றை ஐராவதம் மகாதேவன் கணித்தார். மணிமேகலைக் காப்பியமோ இக்கொடையைத் துறவியரோடு நிறுத்தாமல், எல்லா உயிர்களுக்கும் உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதே அறம் என்று விரிக்கிறது.

வாடகைக்கு விடுவது கொடையன்று, வணிகம். அறநூலை இங்கே இழுப்பது பொருந்தாது என்று வீட்டுக்காரர் தரப்பில் விடை கூறப்படலாம். இது வலுவான விடை. அதை அப்படியே ஏற்றுக்கொள்வதும் தகும். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கி, மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனிவிலை வைத்து, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கும் செலவைப் பிடித்துக்கொள்ளும் உறவை வணிகம் என்பதே நேர்மை. ஆனால் வணிகம் என்று சொல்லிவிட்டால் வாங்குபவரின் பிறப்பையும் வழிபாட்டையும் தட்டில் விழும் உணவையும் விசாரிக்க அங்கே இடமில்லாமல் போகிறது. சமயம் என்றால், மறுப்பவர் தம் சமயத்தின் ஐந்து கொலைக்களங்களுக்கும் விருந்து வேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். பணம் வாங்கும்போது வணிகராகவும் ஆள் பார்க்கும்போது ஆசாரம் காப்பவராகவும் இருக்கும் இரட்டை நிலையை எந்த மரபும் ஆதரிக்கவில்லை.

சட்டம் இவ்விடத்தில் வழிகாட்டவில்லை. கடைகளிலும் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் சாதி, சமயம் பார்த்து விலக்குவதை அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு தடுக்கிறது. வாடகைக்கு விடப்படும் தனியார் வீட்டை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. உறைவிடம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 1996இல் கூறிய உச்ச நீதிமன்றமே, 2005இல் அகமதாபாத் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கமொன்று ஒரே சமயத்தாருக்கு மட்டும் உறுப்புரிமை தருவதைச் செல்லும் என்று தீர்த்தது.

ஒரு விதிவிலக்கை மட்டும் மறுக்க இயலாது. கீழே தாம் குடியிருந்து மாடியை வாடகைக்கு விடும் முதியவர், கருவாடு வறுபடும் மணம் தம் பூசையறைக்கு வருவதைப் பொறுக்க மாட்டாதவராக இருந்தால், அதை வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. கொல்லாமையை நோன்பாகக் கொண்ட சமணக் குடும்பத்தின் நிலையும் இதுவே. ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்கள் எதைச் சமைப்பது, எப்போது சமைப்பது, எந்தச் சன்னலைத் திறப்பது என்று பேசி ஒத்துக்கொள்ளலாம். அப்பேச்சு மணத்தைப் பற்றியதாக இருக்கும்வரை அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் வீடு பார்க்க வந்தவரிடம் பெயரும், சொந்த ஊரும், அந்த ஊரில் எந்தத் தெரு என்பதும், கடைசியில் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்பதும் சமையலைப் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே கேட்கப்பட்டுவிடுகின்றன. தலைமுறைகளாகச் சைவ உணவே உண்டுவரும் குடும்பமாயினும் தெருவின் பெயரைச் சொன்ன அளவில், அந்த வீட்டை வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டதாக விடை வருகிறது.